புத்தளக் கரையோரமும் நிலமுதலீடும்: பொறியியற் பணியின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

I

பொறியியலை இயற்கைக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவாக மாத்திரமே நோக்கும் வழக்கம் நமது வரலாற்றெழுத்தில் வேரூன்றியுள்ளது. கால்வாய் வெட்டப்பட்டது, இருப்புப்பாதை இடப்பட்டது, தொழிற்சாலை நிறுவப்பட்டது என எழுதிச் செல்கிறோம். வினைகள் யாவும் செயப்பாட்டு வினைகளாகவே அமைந்துவிடுகின்றன. யாருடைய காணியினூடாக, யாருடைய காணியின் விலையை உயர்த்தும் வகையில், எவரது செலவில் அவை நிகழ்ந்தன என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. நிலம் முதலீட்டுப் பொருளாக மாறிய வரலாற்றில் பொறியியற் பணி வகித்த இடத்தைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்குமுன் ஓர் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் அவசியம். நிலம் மனித உழைப்பின் விளைபொருளன்று. ஆகவே, ஏனைய சரக்குகளுக்குரிய பொருளில் அதற்குப் பெறுமதி கிடையாது. ஆயினும் அதற்கு விலையுண்டு. இம்முரண்பாட்டை மார்க்ஸ், எங்கெல்சினால் 1894 இல் வெளியிடப்பெற்ற மூலதனத்தின் மூன்றாம் பாகத்தில், நிலவாடகை பற்றிய பகுதியில் ஆராய்கின்றார். நிலத்தின் விலை என்பது எதிர்வரும் வாடகையை வட்டி வீதத்தின் அடிப்படையில் முதலாக்கிக் கணித்த தொகையேயாகும். ஆண்டொன்றுக்கு 1,000 ரூபா வாடகை தரும் காணி, வட்டி வீதம் 10 ஆக இருக்கையில் 10,000 ரூபா பெறும். வீதம் 5 ஆகக் குறையின் 20,000 ரூபா பெறும். காணியில் ஒரு மண்வெட்டி மண்ணேனும் புரட்டப்படாமலே இவ்வேறுபாடு தோன்றிவிடும். நகர வளர்ச்சி விரைவுறும்போது கட்டடத் தொழிலதிபனின் உண்மையான இலாபம் வீட்டிலிருந்தன்றி நிலவாடகையின் உயர்ச்சியிலிருந்தே கிடைக்கின்றது என்பதை, 1857 இல் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்றின் முன் இலண்டன் கட்டட ஒப்பந்தகாரர் ஒருவர் அளித்த சாட்சியத்தைக் கொண்டு மார்க்ஸ் எடுத்துக்காட்டுவதும் மனங்கொள்ளத்தக்கது.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனின், நிலமுதலீட்டாளன் ஈட்டும் இலாபத்துக்கு இரு வாயில்களே உள்ளன. ஒன்று, வட்டி வீதத்தின் வீழ்ச்சி. மற்றையது, வாடகை எதிர்பார்ப்பின் உயர்ச்சி. முதலாவது வங்கியின் துறை. இரண்டாவதோ பெருமளவுக்குப் பொறியியலாளனின் துறை. பாதை, நீர், மின், வடிகால் ஆகியன வந்துசேரும் இடத்தில் வாடகை உயர்கின்றது. அவற்றை ஆக்கிய உழைப்புக்கான செலவு பொதுப்பணத்திலிருந்து வருகிறது. உயர்ச்சியோ உறுதி வைத்திருப்பவனைச் சென்றடைகின்றது.

II

ஒரு நிலம் விற்கப்படுவதற்கு முன்னர் அது அளக்கப்படல் வேண்டும். இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டிலேயே தோற்றுவிக்கப்பட்டது. பிரித்தானியர் கரையோரப் பிரதேசங்களைக் கைப்பற்றி நான்காண்டுகளே கழிந்திருந்த காலம் அது. அதற்கு முன்னர் ஒல்லாந்தர் தமது ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் தோம்புகளை வைத்திருந்தனராயினும், அவை பெரும்பாலும் ஆளையும் கடமையையும் வரியையும் பதிந்த ஏடுகளாகும். ஏக்கரும் எல்லையும் கொண்ட வரைபடமாக நிலம் தனித்து நிற்பது அளவையாளனின் சங்கிலிக்குப் பின்னரே.

கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் பற்றிய தமது அகராதியை 1834 இல் வெளியிட்டார். இம்மண்ணின் மைந்தரொருவர் தமது தீவை இடப்பெயர்களினூடாகத் தொகுத்துக் கூறிய ஆறாண்டுகளின் பின்னர், 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்காணி அத்துமீறல் கட்டளைச்சட்டம் அதே தீவை வேறொரு கண்கொண்டு நோக்கியது. காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாதும் இருந்த நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியதெனக் கொள்ளப்பட்டது. நிரூபிக்கும் பொறுப்பு குடியானவன் மீது சுமத்தப்பட்டது. மேய்ச்சல், விறகு, சேனை, பருவகால மீன்வாடி ஆகிய பயன்பாட்டுரிமைகளுக்கு எழுத்துறுதி இருப்பதில்லை. ஆகவே சட்டத்தின் பார்வையில் அந்நிலங்கள் வெற்று நிலங்களாயின.

அவ்வாண்டில் முடிக்காணிகளை ஏக்கர் ஒன்று 5 சிலிங் என்னும் குறைந்தபட்ச விலையில் வாங்கியோர் பட்டியலை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். தேசாதிபதி ஸ்ருவட் மக்கன்சி, நில அளவை அதிபதி நொரிஸ், வீதிகளுக்குப் பொறுப்பாகவிருந்த தோமஸ் ஸ்கின்னர் ஆகியோரின் பெயர்கள் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. சட்டம் இயற்றியவரும், நிலத்தை அளந்தவரும், அந்நிலத்துக்கு வீதி சமைத்தவரும் அதனை வாங்குவோராகவும் இருந்தனர். அவர்கள் வாங்கியவை பெரும்பாலும் மலைநாட்டுக் கோப்பி நிலங்களே. புத்தளத்து மணல் நிலங்களல்ல. எனினும் பொறியியற் பணியும் நிலமுதலீடும் இந்நாட்டில் ஒரே தொட்டிலில் வளர்ந்தவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இதனைத் தனிமனிதரின் ஒழுக்கக் குறைபாடாகக் காண்பது மேலோட்டமான பார்வையாகும். எங்கு வீதி வரப்போகிறது என்பதை முன்னரே அறிந்திருத்தல் நிலமுதலீட்டில் முதலுக்கு நிகரானது. அவ்வறிவு பதவியோடு ஒட்டிப் பிறக்கின்றது. அரச சேவையாளர் தோட்டத்தொழிலில் ஈடுபடுதல் 1840களின் நடுப்பகுதியில் தடைசெய்யப்பட்டது. அறிவுக்கும் உடைமைக்கும் இடையிலான அத்தொடர்பு வேறு வடிவங்களில் நிலைத்தது.

III

புத்தளக் கரையோரம் தென்னைக்கு ஏற்ற மணற்பாங்கான நிலம். ஆயினும் மண்ணின் தன்மை மாத்திரம் அதனைத் தோட்டநிலமாக்கிவிடவில்லை. கொழும்புக்கும் புத்தளம் வாவிக்கும் இடையிலான நீர்வழி ஒல்லாந்தர் காலத்திற் செப்பஞ் செய்யப்பட்டது. பிரித்தானியர் 1802 தொடக்கம் 1804 வரை வெட்டிய ஹமில்ரன் கால்வாய் அதனோடு இணைந்தது. உப்பும் கருவாடும் கொப்பறாவும் பாதைப்படகுகளிற் சென்றன. பின்னர் இருப்புப்பாதை சிலாபத்தை 1916 இலும் புத்தளத்தை 1926 இலும் அடைந்தது. சந்தையிலிருந்து தொலைவிலுள்ள நிலத்துக்கும் அண்மையிலுள்ள நிலத்துக்குமிடையே தோன்றும் வேறுபாட்டு வாடகை பற்றிய கோட்பாட்டுக்கு இக்கரையோரம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும். கால்வாயும் இருப்புப்பாதையும் தொலைவைக் குறைத்தன; குறைந்த தொலைவு காணி விலையாக உருமாறியது.

இவ்வுயர்ச்சியைப் பெற்றவர் யாவர்? குருநாகல், சிலாபம், நீர்கொழும்பு ஆகியவற்றை இணைக்கும் தென்னை முக்கோணத்தில் தோட்டங்களை உருவாக்கியோருள் உள்நாட்டு முதலாளிகள் குறிப்பிடத்தக்க தொகையினராவர். சாராயக் குத்தகையில் திரட்டப்பெற்ற பணம் காணியாகவும் தோட்டமாகவும் மாறிய வரலாற்றைக் குமாரி ஜயவர்த்தன 2000 இல் வெளியிட்ட தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இவ்வகுப்பினர் கைத்தொழிலை நாடாது நிலத்தை நாடினமைக்குக் காரணம் அவர்களது மனப்பாங்கு எனக் கூறுவர் சிலர். அரசு தன் செலவிற் பாதையிட, நிலம் தானே விலையேறும் நிலையில், ஆலை நிறுவி இடருறுவதற்குத் தேவையெதுவும் அவர்களுக்கு இருக்கவில்லை என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

IV

1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் வேறொரு போக்குத் தலைதூக்கியது. 1962 இல் நிறுவப்பட்ட அரச பொறியியற் கூட்டுத்தாபனமும், அதன் தலைமையில் நின்ற ஏ. என். எஸ். குலசிங்க முன்தகைப்புக் கொங்கிறீற்றிலும் முன்வார்ப்புக் கட்டடக் கூறுகளிலும் ஆற்றிய பணிகளும் இப்போக்கின் அடையாளங்களாகும். இறக்குமதி உருக்கிலும் மரத்திலும் தங்கியிராத, குறைந்த செலவிலான கட்டட முறையொன்றை உள்நாட்டுப் பொறியியலாளரால் ஆக்கமுடியும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது. புத்தளம் சிமெந்துத் தொழிற்சாலை 1970 இல் அரச கூட்டுத்தாபனத்தின் கீழ் உற்பத்தியைத் தொடங்கியது. வடக்கேயுள்ள அருவக்காட்டுச் சுண்ணக்கல் இருப்புப்பாதை வழியே அங்கு கொண்டுவரப்பட்டது.

இக்காலத்துச் சட்டங்கள் நிலமுதலீட்டின் அடிப்படையையே தொட்டன. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் உடைமையை நெற்காணியாயின் 25 ஏக்கராகவும் ஏனைய வேளாண்மை நிலமாயின் 50 ஏக்கராகவும் மட்டுப்படுத்தியது. தென்னந்தோட்டங்களும் இதற்குள் அடங்கின. பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலத்தில், 1973 இல், வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கு வரையறை ஏற்பட்டது. வாடகைக் குடியிருப்பாளர் பலர் வீட்டுரிமையாளராயினர். வீடு வாழ்விடமா அன்றி முதலீடா என்னும் வினாவுக்குச் சட்டம் முதன்முறையாக ஒரு விடை கூறிற்று.

இச்சீர்திருத்தங்களின் குறைபாடுகளை மறைத்தல் ஆய்வு நேர்மையாகாது. உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலம் பெருமளவுக்கு அரசின் கையிற் குவிந்ததேயன்றி, நிலமற்றோரின் கூட்டுப் பொறுப்புக்கு வந்ததென்று கூறமுடியாது. மீனவரின் கரையுரிமையும் தீவுகளின் பருவகால வாடிகளும் எச்சட்டத்தினாலும் உறுதிப்படுத்தப்படவில்லை. அரசின் பெயரில் எஞ்சிய நிலமே பின்னர் நீண்டகாலக் குத்தகைகளுக்கான சேமிப்பாயிற்று என்பது வரலாற்றின் முரண்நகையாகும். 1977 இன் பொருளாதார மாற்றமும், 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் திசையை மாற்றின. புத்தளம் சிமெந்துத் தொழிற்சாலை 1990களில் தனியார்மயமாக்கப்பட்டுச் சுவிற்சர்லாந்துப் பன்னாட்டு நிறுவனமொன்றின் கைக்குச் சென்று, 2016 இல் தாய்லாந்தின் சியாம் சிற்றி சிமெந்து நிறுவனத்திடம் சேர்ந்தது.

V

1980களில் வாவியோரம் இறாற் பண்ணைகளாகியது. கண்டற் காடுகளும் உவர்ச் சேற்றுநிலங்களும் அதுவரை சந்தையில் விலை பெறாதவை. வரம்பு கட்டி, மதகு அமைத்து, நீரிறைக்கும் இயந்திரம் பொருத்தியவுடன் அவை பெரும் இலாபந் தரும் நிலங்களாயின. அரச காணி குத்தகையாகவும் அத்துமீறலாகவும் கைமாறியது.

இங்கு பொறியியலின் பிழை எங்கே நிகழ்ந்தது என்பதை நுணுகி நோக்குதல் வேண்டும். தனித்தனிப் பண்ணைகளை எடுத்துக்கொண்டால் அவற்றின் வரம்பும் மதகும் தம் தொழிலைச் செய்தன. ஆனால் பண்ணைகள் பல ஒரே ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே நீரைப் பெற்று, அதே கால்வாயிலேயே கழிவு நீரையும் விட்டன. ஒரு பண்ணையின் கழிவு அடுத்த பண்ணையின் ஊட்டநீராயிற்று. நோய் ஒன்று தோன்றின் அது பரவுவதற்கு இதனிலும் செம்மையான வழியில்லை. 1980களின் இறுதியில் ஒரு நோயும், 1996 இல் வெண்புள்ளி நோயும் பரவி இத்தொழிலை நிலைகுலையச் செய்தன. கைவிடப்பட்ட பண்ணைகளின் நிலம் கண்டற் காடாகவும் இல்லை, வயலாகவும் இல்லை.

1993 இன் ஒழுங்குவிதிகளின்படி 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நீருயிரின வளர்ப்புத் திட்டங்களுக்கே சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டப்பட்டது. பண்ணைகளிற் பெருந்தொகையானவை அவ்வளவுக்கு உட்பட்டவை. ஆகவே ஒவ்வொரு குளமும் தனித்து நோக்கப்பட்டது. வாவியை முழுமையாக நோக்கும் பொறுப்பு எவரிடமும் இருக்கவில்லை. காணித்துண்டு முதலீட்டின் அலகாக இருக்குமிடத்துப் பொறியியற் சிந்தனையும் காணித்துண்டின் எல்லைக்குள்ளேயே சிறைப்படுகின்றது. நீரோ வேலியை அறியாது. உடைமையின் எல்லைக்கும் இயற்கையின் எல்லைக்கும் இடையிலான இம்முரண்பாட்டை எந்தத் தொழினுட்பத் திறனும் தனித்துத் தீர்க்கவியலாது.

VI

1990 ஒக்ரோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களுட் பெரும்பாலோர் புத்தளத்தையும் கற்பிட்டியையும் வந்தடைந்தனர். கிடுகுக் கொட்டில்களில் தொடங்கிய அவர்களது வாழ்வு சிறுகச் சிறுகத் துண்டுக் காணி வாங்குவதை நோக்கி நகர்ந்தது. தென்னந்தோட்டங்கள் பேர்ச் கணக்கில் துண்டாடப்பட்டன. 2007 இல் உலக வங்கியின் 32 மில்லியன் டொலர் நிதியுடன் தொடங்கப்பட்ட வீடமைப்புத் திட்டத்தில் காணியுரித்து முதன்மையான பிரச்சினையாயிற்று. கட்டடப் பொறியியலைப் பொறுத்தவரை அவை மிக எளிய வீடுகள். அவற்றின் கடினமான பகுதி சுவரிலன்றி, அச்சுவர் நிற்கும் நிலத்தின் உறுதியிலேயே இருந்தது. ஒரு புறத்தில் ஏதிலிக்குக் காணி உயிர்வாழ்வின் நிபந்தனை. மறுபுறத்தில் தோட்டவுரிமையாளனுக்கு அதே காணி விளைச்சலிலும் மிகுந்த வருவாய். இருவரும் ஒரே நொத்தாரிசின் முன் அமர்கின்றனர். அவர்களைச் சமமானவரெனச் சட்டம் கருதுகின்றது. வந்தோர்க்கும் முன்னிருந்தோர்க்கும் இடையே எழுந்த உரசல்களை இன, ஊர் வேறுபாடுகளாக மாத்திரம் விளக்குவோர் இக்காணிச் சந்தையைக் கவனிக்கத் தவறிவிடுகின்றனர்.

இதே காலப்பகுதியில் இருபெருந் திட்டங்கள் குடாநாட்டின் மணலை மறுமதிப்பீடு செய்தன. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனில் அமைக்கப்பட்டு, 2011 இல் முதலலகையும் 2014 இல் முழுமையான 900 மெகாவாற்று ஆற்றலையும் எய்தியது. மின் 220 கிலோவோல்ற்று வழியில் வேயங்கொடைக்குச் செல்கின்றது. சாம்பலும் சூடான நீரும் கரையில் எஞ்சுகின்றன. மற்றையது கற்பிட்டியின் 14 தீவுகளைச் சுற்றுலா விடுதிகளுக்கென வகுத்த ஒருங்கிணைந்த திட்டம். 2000களில் வகுக்கப்பட்ட இத்திட்டத்தின் கீழ்த் தீவுகள் சில நிறுவனங்களின் கைக்குச் சென்றன.

கரைவலைப் பாடு என்பது ஒரு மீனவக் கூட்டத்துக்கு ஒரு குறித்த கரைப்பகுதியில் வலையிழுக்கும் உரிமை. அதற்கு முறையுண்டு, எல்லையுண்டு, பரம்பரையுண்டு. ஆனால் நில அளவைப் படத்தில் அது கோடாக வருவதில்லை. படத்திற் கோடில்லாத உரிமை சாத்தியக்கூற்று அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தின் தருக்கம் இவ்வாறு 170 ஆண்டுகளின் பின்னரும் அதே கரையில் உயிர்வாழ்வதைக் காண்கிறோம்.

VII

இதுகாறும் கூறியவற்றைக் கொழும்பின் காணிச் சந்தையோடு இணைத்து நோக்கும்போதே முழுமையான தோற்றம் கிடைக்கும். 2009 இன் பின் தலைநகரில் அடுக்குமாடி மனைகள் பெருகின. கடலை நிரப்பி 269 ஹெக்டேயர் பரப்பில் ஆக்கப்பட்ட துறைமுக நகரத்தின் பணி 2014 இல் தொடங்கியது. இக்கட்டட எழுச்சிக்கு வேண்டிய சிமெந்தில் ஒரு பகுதி அருவக்காட்டுச் சுண்ணக்கல்; மின்னில் ஒரு பகுதி நுரைச்சோலையின் நிலக்கரி.

பிறகு அந்நகரத்தின் குப்பையும் புறப்பட்டது. 2017 ஏப்ரில் 14 ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டனர். அம்மேட்டின் அடியில் வாழ்ந்தோர் நகரக் காணியின் விலை கட்டாத ஏழைகள். இப்பேரிழப்பின் பின்னர், கொழும்புக் கழிவை அருவக்காட்டில் தோண்டப்பட்டு வெறுமையான சுண்ணக்கற் குழிகளில் இடும் திட்டம் விரைவுபடுத்தப்பட்டது. இருப்புப்பாதை வழியே கொண்டுசெல்வதென வகுக்கப்பட்டபோதிலும், 2019 இல் குப்பை லொறிகளிலேயே அங்கு சென்றது. புத்தளத்து மக்கள் கடையடைப்பும் ஆர்ப்பாட்டமும் நடத்தினர். முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் அப்போராட்டத்தில் இணைந்து நின்றமை குறிப்பிடற்பாலது.

கழிவுநிரப்பலைத் தொழினுட்ப முறைப்படி அமைத்தல் திறந்த மேட்டிலும் சிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அதன் அடிப்படலமும் கசிவுநீர்ச் சுத்திகரிப்பும் வாயு வெளியேற்றமும் செவ்வனே செய்யப்படின் தீங்கு குறையும். எனினும் வினா வேறிடத்தில் உள்ளது. கொழும்பில் ஒரு பேர்ச் நிலத்தின் விலை உயர்வதற்குக் குப்பைமேடு அகற்றப்படல் வேண்டும். அது சென்றடையும் இடத்தில் நிலமும் நீரும் வாழ்வும் மலிவாகக் கருதப்படல் வேண்டும். ஒரே பொறியியற் செயல் ஒரு முனையில் வாடகையை உயர்த்தி மறுமுனையில் வாழ்வாதாரத்தைத் தாழ்த்துகின்றது. முதல் முனையின் இலாபம் கணக்கேட்டில் வருகிறது. மறுமுனையின் இழப்பு எவரது ஏட்டிலும் வருவதில்லை. சுண்ணக்கல் தெற்கே சென்று மாடியாகி, அம்மாடியின் கழிவு வடக்கே திரும்பி அதே குழியை நிரப்புகின்றமை நகரத்துக்கும் அதன் விளிம்புக்குமுள்ள உறவின் சுருக்கமாகும்.

VIII

இவ்வரலாற்றிற் பொறியியலாளனின் வர்க்க நிலை யாது? 1840 இல் அவன் காணி வாங்கும் அதிகாரி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரச ஊழியன். இன்றோ பெரும்பாலும் சம்பளம் பெறும் உழைப்பாளி. அவனது வரைபடமும் மதிப்பீடும் வங்கிக் கடனுக்கான பிணையாகின்றன. அடித்தளம் எத்தனை தொன் தாங்கும் என்பதை அவன் கூறலாம். அவ்விடத்தில் கட்டடம் வேண்டுமா என்பதை அவனிடம் எவரும் கேட்பதில்லை. 2022 ஏப்ரிலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி, வட்டி வீதம் ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தப்பட்டபோது, கட்டுமானத் தொழில் முடங்கிற்று. மேசனும் கம்பி கட்டுபவரும் பொறியியலாளரும் ஒருங்கே வேலையிழந்தனர். நிலவிலையின் கணிதம் இவர்களை ஒரே வரிசையில் நிறுத்தியது. அவர்களுடைய நலன் எவ்வழியில் இணைகின்றது என்பதை உணர்த்துவதற்கு அவ்வனுபவம் போதுமானது.

நடைமுறையில் இரு கோரிக்கைகள் இவ்வாய்விலிருந்து எழுகின்றன. பொதுப்பணத்திலான வேலையினால் உயரும் காணிவிலையில் ஒரு பங்கு, அவ்வேலையின் தீங்கைச் சுமக்கும் பிரதேசத்துக்குத் திரும்புதல் வேண்டும் என்பது ஒன்று. கரைவலைப் பாடு, மேய்ச்சல், வாடி முதலான எழுதப்படா உரிமைகள், திட்டத்துக்கு முந்திய அளவைப் படத்திலேயே குறிக்கப்படல் வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதைச் செய்வதற்குப் புதிய தொழினுட்பம் தேவையில்லை. அளவையாளர் கரைக்குச் செல்லும்போது மீனவரையும் அழைத்துச்சென்று அவர்கள் காட்டும் எல்லையைக் கோடாக இட்டாற் போதும்.

புத்தளத்தின் காணிப் பதிவேடுகளும் பழைய அளவைப் படங்களும் நமது பல்கலைக்கழக ஆய்வாளர்களால் இன்னும் போதியளவு பயன்படுத்தப்படவில்லை. இலக்கியப் பனுவலைப் படிக்கும் அதே கவனத்தோடு உறுதியையும் வரைபடத்தையும் படிக்கப் பழகுதல் வேண்டும். எப்பெயர்கள் அவற்றில் உள்ளன என்பதோடு, எப்பெயர்கள் விடுபட்டன என்பதையும் அவை கூறும். அவ்வாறு விடுபட்டோரின் வரலாறே இக்கரையோரத்தின் எழுதப்படாத வரலாறாகும்.